மின்தடைக்குப் பின் எழாத கணினி

ஐப்பசி பிறந்தால் மழையும் மின்தடையும் சேர்ந்தே வரும் என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். சென்ற மழைப் பருவத்தில், கூலி வழங்கும் நாளன்று, எங்கள் சங்க அலுவலகத்தில் நேர்ந்த ஒரு தொல்லையை இங்கு எடுத்துரைப்பது பிற சங்கத்தாருக்கும் பயன் தரும் என்று கருதுகிறோம்.

இரவெல்லாம் நின்றிருந்த மின்சாரம் விடியலில் வந்தது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாக உழைத்துவரும் மேசைக் கணினி எழவில்லை. பொத்தானை அழுத்தினால் விளக்கும் இல்லை. விசிறியின் ஓசையும் இல்லை. நெய்த சேலைகளுடன் வந்தவர்கள் திண்ணையில் காத்திருந்தனர். அவர்கள் பெற்ற நூல், வரவேண்டிய கூலி, சிக்கன நிதியில் சேர்ந்த தொகை யாவும் அப்பெட்டிக்குள் இருந்தன.

புதிது வாங்குவதே நலம் என்றார் ஒருவர். தறியில் இழை அறுந்தால் பாவையே வெட்டி எறிகிறோமா? அறுந்த இடத்தைத் தேடிப் பிணைக்கிறோம். அம்முறையே இதற்கும் பொருந்தும். செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யவேண்டும். வெளியிலிருந்து உள்ளே செல்லவேண்டும். கணக்கு இருக்கும் டிஸ்க்கில் கைவைப்பதைக் கடைசிக்கு ஒதுக்கவேண்டும்.

முதலில், அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கைச் செருகி, மின்சாரம் வருகிறதா என்று பார்த்தோம். வந்தது. யு.பி.எஸ். பெட்டியின் பாட்டரி தளர்ந்திருக்கக்கூடும் ஆதலால், கணினியை நேரே சுவரில் இணைத்தோம். பின்புறத்துச் சிறு சுவிட்சும் சரியாகவே இருந்தது. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கணினியின் பொத்தானைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தோம். மின்சாரம் திரும்பும்போது உண்டாகும் ஏற்றத்தாழ்வினால், எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டி தற்காப்பாக நின்றுவிடுவதுண்டு. உள்ளே எஞ்சிய மின்னேற்றம் வடிந்தால் அந்நிலை நீங்கும். சில நிமிடம் கழித்து மீண்டும் செருகியபோது விசிறி சுழன்றது.

இவ்வளவு செய்தும் அசையாவிடில், எஸ்.எம்.பி.எஸ். பழுதாகியிருக்கக்கூடும். தக்கவரைக் கொண்டு சோதித்து, அதை மட்டும் மாற்றலாம். ஆனால் அந்தப் பெட்டியை நாமே திறத்தல் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் அபாயமான மின்னேற்றம் தங்கியிருக்கும். விசிறி சுழன்றும் திரையில் ஒன்றும் தோன்றாவிடில், பிளக்கைப் பிடுங்கி, கணினியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டபின், ராம் எனப்படும் நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை மென்மையான அழிரப்பரால் துடைத்து, இறுகப் பொருத்திப் பார்க்கலாம்.

எங்கள் கணினியில் திரை தெளிந்தது. ஆயினும் துவங்குவதற்கு டிஸ்க் இல்லை என்று எழுதி நின்றது. தேதியோ பல ஆண்டுகள் பின்னே சென்றிருந்தது. பழுதுபார்க்க வந்த இளைஞர், டிஸ்க்கை அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றித் தருவதாகச் சொன்னார். நாங்கள் இசையவில்லை. பின்னோக்கிய தேதியே காரணத்தைச் சொல்லிற்று.

மதர்போர்டில் காசுபோன்ற ஒரு பாட்டரி உண்டு. அதன் பெயர் சிஆர்2032. 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் கனமும் கொண்டது என்பதே அவ்வெண்ணின் பொருள். மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தை ஓட்டுவது இந்த 3 வோல்ட் பாட்டரியே. பழைய கணினிகளில், எந்த டிஸ்க்கிலிருந்து துவங்குவது என்பது முதலான அமைப்புகளைக் காப்பதும் அதுவே. அது தீர்ந்துபோனால், நீண்ட மின்தடை ஒன்றே கணினியை யாவும் மறக்கச் செய்துவிடும். பாட்டரியை மாற்றி, டிலீட் விசையை அழுத்தி அமைப்புத் திரைக்குள் சென்றோம். (சில கணினிகளில் எஃப்2 விசை.) எங்கள் டிஸ்க்கின் பெயர் அங்கே இருந்தது! தேதியைத் திருத்தி, டிஸ்க்கை முதலிடத்தில் வைத்ததும் கணினி எழுந்தது. தேதியைத் திருத்தாமல் பதிவு செய்திருந்தால், ரசீதும் வட்டியும் தவறான நாளில் ஏறியிருக்கும். அன்று மாலைக்குள் கூலி வழங்கப்பட்டது. செலவு ஒரு பாட்டரியின் விலையே.

இன்னொன்றும் கூறவேண்டும். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று ஓசை எழுந்தால், மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தல் தகாது. உடனே நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றித் தக்கவரிடம் ஒப்படைத்து, வேறு கணினி வழியாகக் கணக்கை நகல் எடுத்த பின்னரே மற்றவை.

அதற்குப்பின் எங்கள் நிர்வாகக் குழு சில ஏற்பாடுகளைச் செய்துள்ளது. மின்சாரம் நின்றால் பிளக்கைப் பிடுங்கி, அது நிலைத்த பின்னரே செருகுகிறோம். வாரந்தோறும் கணக்கை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே வைக்கிறோம். மாத முடிவில் ஒவ்வோர் அங்கத்தினரின் இருப்பையும் தாளில் அச்சிட்டுக் கோக்கிறோம்.

நூல் வழங்கும் சங்கமாயினும், உரக்கடன் வழங்கும் சங்கமாயினும், தம் கணக்கின் நகல் எங்கே உள்ளது என்று கேட்க அங்கத்தினருக்கு உரிமை உண்டு. அடுத்த பொதுக்குழுவில் தவறாமல் கேட்பீர்களாக.