பாடசாலைக்குக் கணனி வாங்கும் முன்னர்



2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்ட காலம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். பாடம் போனில் வந்தது. பல காம்பராக்களில் அப்படியான போனே இல்லை. இருந்த பிள்ளைகளும் சிக்னல் தேடி மலை ஏறினார்கள். பலருக்குப் படிப்பு அறுந்துபோனது. அதன் பிறகு "நம்ம ஸ்கூலுக்கும் கம்பியூட்டர் வேணும்" என்ற பேச்சு தோட்டங்களில் அடிக்கடி எழுகிறது. நியாயமான பேச்சுதான். ஆனால் வந்த சாமான் பூட்டிய அறையில் தூசு படிந்து கிடப்பதையும் நாம் பார்க்கிறோம்.

ஆகவே பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் "என்ன வாங்கலாம்?" என்று தொடங்க வேண்டாம். "பிள்ளைகள் எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறார்கள்?" என்று முதலில் கேளுங்கள். தரம் மூன்றில் வாசிப்பா? சாதாரண தரத்தில் கணிதமா, விஞ்ஞானமா? அதற்கு ஏற்றபடிதான் சாமான்.

குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

இன்டர்நெட் எந்நேரமும் தேவையில்லை. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் உண்டு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களை இலவசமாக எடுக்கலாம். ஆசிரியர் ஒருவர் டவுனில் சிக்னல் உள்ள இடத்தில் வீடியோ பாடங்களை இறக்கி, பென்டிரைவில் போட்டு வந்தால் போதும். ஒரு பாடம் 100 எம்.பி. என்று வைத்தால், 32 ஜி.பி. பென்டிரைவில் 250 பாடங்களுக்கு மேல் அடங்கும். பென்டிரைவ் செருகக்கூடிய டீவி ஒன்றிருந்தால் முழு வகுப்பும் பார்க்கலாம்.

அடுத்த படி, ராஸ்பெரி பை எனும் உள்ளங்கை அளவான கணனி. 2012இல் 35 டொலருக்கு வந்தது. இப்போது அதில் பல வகை, பல விலை உண்டு. கொலிப்ரி என்ற இலவச மென்பொருளை அதில் ஏற்றிவிட்டால், வகுப்பிலுள்ள போன்களுக்கும் டெப்களுக்கும் இன்டர்நெட் இல்லாமலே வைஃபையில் பாடம் போகும்.

வாங்கிய பிறகு

1. சேர்ந்த காசு முழுவதையும் சாமானுக்கே போடாதீர்கள். 100 ரூபாவில் 30 ரூபாவையாவது ரிப்பேருக்கும் பெட்டரிக்கும் ஒதுக்குங்கள் என்பது எமது யோசனை.

2. நம் மலையில் பனியும் ஈரமும் அதிகம். ஈரம் ஏறாத பெட்டியில் வையுங்கள். சும்மா வைத்தால் பழுதாகும். வாரத்தில் இரண்டு நாளாவது போட்டுப் பாவிக்க வேண்டும்.

3. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் கூடுதல். மழை கறுத்தவுடன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். டீவி அன்டெனா வயரையும் கழற்றுங்கள்.

4. திறப்பு இருவரிடம் இருக்கட்டும். எந்த நாள், எந்த வகுப்பு, என்ன பாடம் என்று ஒரு கொப்பியில் எழுதட்டும்.

"நமக்கு கம்பியூட்டர் தெரியாதே, நாம என்னத்த கேக்குறது?" என்று பின்வாங்க வேண்டாம். அந்தக் கொப்பியைக் காட்டச் சொல்லிக் கேட்க கம்பியூட்டர் தெரிய வேண்டியதில்லை. கொழுந்தெடுக்கும் தாய்மாரும் வரக்கூடியதாக, கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கும்படி அதிபரிடம் கேளுங்கள். கொழுந்துக் கூடை சுமந்து உழைத்த பேர்க் காசு அது. அந்தக் காசில் வந்த சாமானை நம் பிள்ளைகளின் கை தொட வேண்டும்.