இருக்கைக்குள் உறங்கும் காற்றுப்பை

(இயற்பியல் மாணவி, பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு)

இன்றைய உலகம் விரைவு உலகம். வீட்டுக்கொரு மிதிவண்டி இருந்த காலம் போய், தெருவுக்கு நான்கு கார்கள் நிற்கும் காலம் வந்துவிட்டது. விரைவு கூடும்போது விபத்தும் கூடுகிறது. விபத்திலிருந்து மனித உயிரைக் காக்க அறிவியல் தந்த கருவிகளுள் ஒன்று காற்றுப்பை. ‘ஏர்பேக்’ என்று எல்லோரும் சொல்லும் அக்கருவியைப் பற்றி, அதிலும் இருக்கையின் பக்கவாட்டில் மறைந்திருக்கும் பையைப் பற்றி, நான் எழுத நேர்ந்தது ஒரு நிகழ்ச்சியால்.

என் தந்தையார் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிலாளி. ஒரு தையல் இயந்திரமும் சில ரெக்சின் சுருள்களுமே எங்கள் குடும்பத்தின் சொத்து. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்திதான். சென்ற விடுமுறையில் ஒருவர் தம் பழைய சிறிய காரோடு கடைக்கு வந்தார். பின்னால் ஒரு சரக்கு ஆட்டோவில் இரண்டு முன் இருக்கைகள் வந்து இறங்கின. விபத்தில் நொறுங்கிய புதிய கார் ஒன்றிலிருந்து கழற்றி, காயலான் கடையில் விற்கப்பட்டவை அவை. “அண்ணே, இது ஏர்பேக் வெச்ச சீட்டு. என் வண்டில மாட்டி, நல்ல ரெக்சின்ல கவர் தெச்சுக் குடுங்க. வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்கு, பாதுகாப்பா இருக்கட்டும்” என்றார்.

இருக்கையின் அடியில் மஞ்சள் நிற இணைப்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. தந்தையார் அதைக் காட்டி, “ஏம்மா, நீ பிசிக்ஸ்தான படிக்கிற? இந்த ஒயர எதுல குடுத்தா இது வேல செய்யும்?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் தவணை கேட்டேன். நூல்களில் தேடியும், எங்கள் துறைப் பேராசிரியரையும் பழக்கமான ஒரு கார் மெக்கானிக்கையும் கேட்டும் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

காற்றுப்பை செய்வது என்ன?

நியூட்டனின் இரண்டாம் விதியை நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். உந்தம் மாறும் வீதமே விசை. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல், மோதலால் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்துக்குத் தள்ளப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இம்மாற்றம் 0.02 விநாடியில் நடந்தால் உடல் தாங்க வேண்டிய சராசரி விசை 24,000 நியூட்டன். அதுவே 0.04 விநாடியில் நடந்தால் 12,000 நியூட்டன். நேரம் இரட்டித்தால் விசை பாதியாகிறது. மேலும், கதவின் ஒரு முனை விலா எலும்பில் குத்துவதற்குப் பதிலாக, பை அவ்விசையை மார்பின் பரந்த பரப்பில் பங்கிட்டுக் கொடுக்கிறது. நேரத்தையும் பரப்பையும் கூட்டித் தருவதே காற்றுப்பையின் தொழில்.

இக்கருத்துக்கு அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஹெட்ரிக் 1953ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். அப்போது மோதலை உடனே உணரும் நம்பகமான உணர்வி இல்லாததால் அது உடனே நடைமுறைக்கு வரவில்லை. இருக்கையில் அமைந்த பக்கவாட்டுப் பையை 1994இல் வால்வோ நிறுவனம் தன் 850 காரில் கொண்டுவந்தது. பலன் சிறிதன்று. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, பக்கவாட்டில் மோதப்பட்ட கார்களின் ஓட்டுநர் இறக்கும் வாய்ப்பை, மார்பை மட்டும் காக்கும் பை 26 விழுக்காடும், தலையையும் காக்கும் பை 37 விழுக்காடும் குறைக்கின்றன. ஆகவே அந்த வாடிக்கையாளரின் ஆசையில் தவறில்லை. அவர் தேர்ந்த வழியில்தான் தவறு இருக்கிறது.

பக்கவாட்டு மோதலின் அவசரம்

முன்பக்கம் மோதினால் முகப்பும் எந்திர அறையும் நொறுங்கி நமக்குச் சிறிது நேரம் வாங்கித் தருகின்றன. பக்கவாட்டில் நமக்கும் மோதும் வண்டிக்கும் இடையே இருப்பது ஒரு கதவும், அதற்கப்பால் ஒரு சாணுக்கு உட்பட்ட இடைவெளியும்தான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 13.9 மீட்டர். அவ்வேகத்தில் ஒரு வண்டி 10 மில்லி விநாடியில் சுமார் 14 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நாம் கண் இமைக்கும் நேரம் இதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்! எனவே மோதலை உணர்ந்து முடிவெடுக்கச் சில மில்லி விநாடிகளும், பை விரிய மேலும் பத்து மில்லி விநாடி அளவும்தான் கிடைக்கும்.

பையை எழுப்புவது யார்?

இருக்கைக்குள் இருப்பது மடித்த பை, வாயு தரும் உருளை, அதைத் தூண்டும் சிறு தீமூட்டி ஆகியவை மட்டுமே. கண்ணும் மூளையும் வேறிடத்தில் இருக்கின்றன. கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள நடுத்தூணில் முடுக்கத்தை அளக்கும் உணர்வி இருக்கும். சில கார்களில் கதவின் உட்குழியில் காற்றழுத்த உணர்வியும் உண்டு. கதவு நசுங்கியதும் உள்ளே அழுத்தம் உயர்வதை அது அறியும். இச்செய்திகள் காரின் நடுவே தரையில் பொருத்திய கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்கின்றன. கதவை ஓங்கிச் சாத்தினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் அதிர்ச்சி உண்டாகிறது. அவ்வதிர்ச்சிக்குப் பை விரியக் கூடாது. உண்மையான மோதலுக்கு விரியாமல் இருக்கவும் கூடாது. இந்த வேறுபாட்டை அறிய, அதே வகைக் கார்களை மோதவிட்டுச் சோதித்துப் பெற்ற கணக்குகள் அப்பெட்டியில் பதிந்துள்ளன.

மோதல்தான் என்று முடிவானால் தீமூட்டிக்கு மின்சாரம் செல்லும். ஏறத்தாழ 1.2 ஆம்பியர், இரண்டே மில்லி விநாடி போதும். உடனே பையில் வாயு நிறையும். பழைய முன்பக்கப் பைகளில் சோடியம் அசைடு என்னும் வேதிப்பொருள் சிதைந்து நைட்ரஜன் உண்டாகும். அதில் 130 கிராம், சுமார் 67 லிட்டர் நைட்ரஜன் தரும் என்பதை வேதியியல் மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். பக்கவாட்டுப் பைகள் சிறியவை. அவற்றுள் பல, உயர் அழுத்தத்தில் அடைத்துவைத்த வாயுவைக் கொண்டு நிரம்புகின்றன.

பழைய காரில் மாட்டினால்?

இணைப்பில்லாமல் மாட்டினால் பை என்றென்றும் உறங்கும். அது காக்காது, காக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் தரும்.

பாட்டரியோடு ஒரு சுவிட்சை வைத்து இணைத்தால் மோதலை யார் உணர்வது? பத்து மில்லி விநாடியில் எந்த விரலும் சுவிட்சைத் தட்டாது. தவறிப்போய் மின்சாரம் பாய்ந்தாலோ, சாய்ந்து உறங்கும் குழந்தையின் தலையருகே பை வெடித்து விரியும்.

கட்டுப்பாட்டுப் பெட்டியையும் உணர்விகளையும் சேர்த்தே வாங்கி மாட்டினால்? அப்பெட்டியில் உள்ள கணக்கு வேறொரு காரின் தூணுக்கும் தகட்டுக்கும் உரியது. மெல்லிய கதவுள்ள பழைய கார் வேறு வகையில் நொறுங்கும். பை பிந்தி விரிந்தால், கதவு ஏற்கெனவே உடலை நெருக்கிய பிறகு விரிந்து, காப்பதற்குப் பதில் காயம் செய்யக்கூடும்.

உணர்வியை இருக்கைக்குள்ளேயே வைக்க முடியாதா என்று எங்கள் வகுப்புத் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. வால்வோ 850இன் முதல் பைகளில் மின்சாரமே இல்லாமல், இருக்கையோடு அமைந்த இயந்திர உணர்விதான் பையைத் தூண்டியது. ஆனால் அதுவும் அந்தக் காரின் உடற்கூட்டோடு சேர்த்துத் திட்டமிட்டது; கழற்றி வேறு காரில் மாட்டுவதற்குச் செய்ததன்று.

பைக்கு அப்பாலும் இடர்கள் உண்டு. இருக்கையின் கால்கள் பழைய காரின் துளைகளுக்குப் பொருந்தா. புதிதாகத் துளையிட்டு, தகடு வைத்து ஒட்டினால், மோதலில் இருக்கையே பெயர்ந்து வரலாம். பல கார்களில் இருக்கைப் பட்டையின் பூட்டும் இருக்கையோடு சேர்ந்தே இருப்பதால் அப்போது பட்டையும் பயன்படாது. உற்பத்தியாளர் வகுத்த அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடை செய்கிறது.

கையாள்பவருக்கும் ஆபத்து உண்டு. மஞ்சள் இணைப்பைக் கழற்றியதும் அதன் இரு முனைகளும் தாமே ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். தவறான மின்சாரம் தீமூட்டியை அடையாமலிருக்கவே இந்த ஏற்பாடு. “பை நன்றாக இருக்கிறதா” என்று பார்க்க மல்டிமீட்டரின் முனையை அதில் வைப்பது, உறங்கும் பாம்பின் வாயில் விரல் வைப்பதற்கு ஒப்பாகும்.

நான் சொன்னதும் நடந்ததும்

இவற்றையெல்லாம் தந்தையாரிடம் என்னால் இயன்ற எளிய சொற்களில் சொன்னேன். “அப்பா, இது மெத்தை இல்ல. ஒரு உடம்புலேருந்து வெட்டி எடுத்த கை மாதிரி. தலை அந்த வண்டியிலயே போயிடுச்சு” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அந்த மாதத்தில் வந்த பெரிய வேலை அதுதான். மறுநாள் வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். பழைய காரின் இற்றுப்போன இருக்கைப் பட்டைகளை மாற்றிக்கொள்ளும்படியும், குழந்தைகளைப் பின்னிருக்கையில் பட்டையோடு அமரவைக்கும்படியும், புதிய கார் வாங்கும் நாளில் தொழிற்சாலையிலேயே பக்கப்பை பொருத்திய காராகப் பார்த்து வாங்கும்படியும் நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் இருக்கைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டே போனார். வேறு கடையில் மாட்டியிருப்பாரோ என்ற கவலை எனக்கு இன்றும் உண்டு.

நான் சொன்னவற்றுள் ஒன்று என் தந்தையாரையே சுட்டது. பக்கப்பை உள்ள இருக்கையின் ஓரத்தையலை வேண்டுமென்றே எளிதில் பிரியும் நூலால், அளவிட்ட இழுவையில் தைத்திருப்பார்கள். பை அவ்வழியே கிழித்துக்கொண்டு வர வேண்டும். அதன்மேல் தடித்த ரெக்சின் உறையை இறுக்கித் தைத்தால், வாசலைச் சுவர் வைத்து அடைத்ததாகும். “அந்தச் சின்ன சீட்டு ஓரத்துல இருந்தத நான் பாத்திருக்கேன்மா. கம்பெனி பேருன்னு நெனச்சு மூடித் தெச்சுட்டேன்” என்றார். தம் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, அப்படித் தைத்துக் கொடுத்தவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஐந்து பேர் வந்தார்கள். காசு வாங்காமல் ஓரங்களைப் பிரித்துக் கொடுத்தார். இப்போது இருக்கையின் ஓரத்தை முதலில் தடவிப் பார்த்த பிறகே அளவு எடுக்கிறார்.

நண்பர்களே, நம்முள் பலர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். நாம் தேர்வுக்காகப் படிக்கும் விதிகள் நம் வீட்டுத் திண்ணையிலும் பட்டறையிலும் ஒவ்வொரு நாளும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவற்றை நம் தாய்மொழியில் நம் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வோம். அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், இரண்டு நாள் தவணை கேட்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.