குறட்டை அறுந்துபோகும் நேரம்

சென்னை சிந்தாதிரிப்பேட்டைச் சந்துகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒருவர் விடும் குறட்டை மூன்றாம் வீட்டுக்கும் கேட்கும். பகலெல்லாம் கால்டாக்ஸி ஓட்டியவர் என்றால், “உழைச்ச உடம்பு, அசந்து தூங்குது” என்று விட்டுவிடுவார்கள். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியின் தூக்கத்தைப் பறிப்பது வேறு. குறட்டை திடீரென்று அறுந்துபோகிறது. நெஞ்சு எக்குகிறது, மூச்சைக் காணோம். மனைவி எண்ணத் தொடங்குகிறார்: பத்து, பதினைந்து, இருபது. பிறகு ஒரு திணறல், மறுபடி குறட்டை.

இது ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை ஆளைச் சில நொடி உசுப்பி மூச்சைத் திறந்துவிடுகிறது. அந்த விழிப்பு நினைவில் தங்காது. மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 30 முறைக்கு மேல் நடந்தால் கடுமையான நிலை. அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கம் உடைகிறது. காலையில் “நல்லாத்தானே தூங்கினேன்” என்று அவர் சொல்வது பொய்யில்லை, அவருக்குத் தெரியவே தெரியாது. தில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்களின் 2023 கணக்கின்படி இந்தியப் பெரியவர்களில் சுமார் 11 விழுக்காட்டினருக்கு இந்தக் கோளாறு இருக்கிறது.

உடைந்த தூக்கம் பகலில் கடனை வசூலிக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் செருகினால் கார் கிட்டத்தட்ட 90 மீட்டர் ஆளில்லாமல் ஓடுகிறது. சிகிச்சை பெறாதவர்களுக்கு விபத்து வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு. 2013 டிசம்பர் 1 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர் வேகமே அனுமதிக்கப்பட்ட வளைவில் 132 கிலோமீட்டரில் புகுந்து ரயில் தடம்புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டுநருக்கு அதுவரை கண்டறியப்படாத ஸ்லீப் ஆப்னியா இருந்தது விசாரணையில் தெரிந்தது.

நம் ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் வலிப்பு, மயக்கம், மாலைக்கண் பற்றியெல்லாம் கேட்கிறது. தூக்கத்துக்கென்று தனிக் கேள்வி இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. மெல்போர்னில் மருத்துவர் முர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்ட, பகல் தூக்கக் கலக்கத்தை அளக்கும் எப்வொர்த் அளவுகோலில் எட்டே கேள்விகள். கடைசிக் கேள்வி, போக்குவரத்தில் சில நிமிடம் வண்டி நிற்கும்போது கண்ணயர்வீர்களா என்பது. சிம்ஸன் சிக்னலில் அன்றாடம் நிற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடையாது. மதிப்பெண் 24-க்குப் பத்துக்கு மேல் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். பிழைப்புக்குப் பயந்து ஓட்டுநர் குறைத்துச் சொல்லக்கூடும், அதனால் மனைவியின் பதிலையும் மருத்துவர் கேட்பது அவசியம். மூச்சு நிற்பதைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள், கணவரிடமும் காட்டுங்கள். சண்டை போட்டுச் சாதிக்க முடியாததை அந்த இரண்டு நிமிட வீடியோ சாதிக்கும்.

தூக்கப் பரிசோதனையில் உறுதியானால் சீபாப் கருவி இருக்கிறது. சிட்னியில் காலின் சல்லிவன் 1980-இல் உருவாக்கியது. முகமூடி வழியே காற்றை மெல்ல அழுத்தி மூச்சுப்பாதை மூடாமல் தாங்கிப் பிடிக்கும். முதல் இரவுக்குப் பிறகே பகல் தூக்கக் கலக்கம் குறைவதையும், ஒரு வாரத்துக்குள் வண்டி ஓட்டும் திறன் மேம்படுவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருத்துவர் சரியென்று சொல்லும்வரை கார் சாவி வீட்டிலேயே இருக்கட்டும். அந்த நாட்களின் வருமானத்துக்கு என்ன வழி என்பதையும் இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் சிகிச்சை தள்ளிப்போவது அந்தக் கவலையால்தான்.