நான்கு பலகை, ஒரு மூடுகல்

சூளகிரி வட்டாரத்து மல்லசந்திரம் குன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்திட்டைகள் நிற்கின்றன. இரும்புக் கால ஈமச்சின்னங்கள் இவை. ஊரார் வழக்கில் பாண்டவர் வீடுகள். மால்டாவின் கோசோ தீவில் சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஜிகாந்தியா கோயிலையும் ராட்சதப் பெண் ஒருத்தி கல் சுமந்து கட்டினாள் என்றே அத்தீவினர் சொல்லி வந்தார்கள். கல்லின் பருமனைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கல்திட்டையில் வியக்க வேண்டியது உடல் பலத்தை அல்ல, கல்லின் குணம் அறிந்த அறிவை. அதற்குச் சாட்சி பலகைகள் சேரும் மூலையில் இருக்கிறது. நான்கு பலகைகளும் பெட்டி போல முனையோடு முனை பொருந்துவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் அடுத்த பலகையில் முட்டி நிற்கும், மறுபக்கம் அதைத் தாண்டி நீளும். மேலிருந்து பார்த்தால் சுவஸ்திக வடிவம். வெளியே குவித்த மண்ணும் கல்லும் உள்நோக்கித் தள்ளத் தள்ள, ஒரு பலகை இன்னொன்றைத் தாங்கிக்கொள்கிறது. சாந்து இல்லை, ஆணி இல்லை. மேலே ஒரு மூடுகல், ஒரு பலகையில் வட்டமான இடுதுளை, அவ்வளவுதான்.

இங்கே பாறை தானாகவே பாளம் பாளமாக உரியும், இதில் என்ன திறமை என்று கேட்கலாம். உரியும் என்பது உண்மை; வேண்டிய அளவில், உடையாமல் உரியாது. பெங்களூர்ப் பக்கத்தில் விறகுத் தீயால் கருங்கல் எடுத்த முறையை 1895-இல் 'நேச்சர்' இதழ் பதிவு செய்தது. பாறைமேல் ஏழடி நீளத்துக்குத் தீ வரிசை. முன்னால் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். அடிப்பாறையிலிருந்து பாளம் விட்டுவிட்டது என்று ஓசை சொன்னதும் தீயைச் சில அங்குலம் முன்னே தள்ளுவார்கள். மல்லசந்திரத்திலும் இதே முறைதான் என்பது என் வாதமல்ல. இந்தப் பாறையிலிருந்து பலகை எடுக்கக் காது பழகிய கல்வேலைக்காரர் போதும், பீமன் வேண்டாம்.

மத்தியதரைக் கடலிலிருந்து வந்தவர்களே இக்கலையைக் கற்பித்தார்கள் என்ற ஊகமும் பழையது. ஜிகாந்தியா சுண்ணாம்புக்கல், உலோகமே அறியாதவர்கள் எழுப்பிய கோயில். நம்முடையது கருங்கல், ஈமச்சின்னம். இடையே ஈராயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. மல்லசந்திரம் இருக்கும் அதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. இரும்பை உருக்கத் தீயை ஆண்டவர்கள், தங்கள் காலடிப் பாறையைப் படிக்கக் கடல் கடந்த ஆசானுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.