வேலைக்குக் கால் முளைத்தால்

"சங்கம் வச்சா முதலாளி கடையைச் சாத்திட்டுப் போயிருவான்" என்பது ஒரு கட்சி. "சங்கம் இல்லேன்னா இன்னைக்கும் அரை வயித்துக் கஞ்சிதான்" என்பது எதிர்க்கட்சி. திருநெல்வேலிப் பக்கத்து டீக்கடைகளில் இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்புக்குமே தாமிரபரணிக் கரையில் சாட்சி இருக்கிறது.

எதிர்க்கட்சியின் முதல் சாட்சி தூத்துக்குடி கோரல் மில். 1986 வரை தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தோடுதான் இருந்தது. பாபநாசத்தில் அருவித் தண்ணீரின் விசையில் பஞ்சாலை ஓட்டிய ஹார்வி சகோதரர்களே இந்த மில்லுக்கும் முதலாளிகள். கூலி குறைவு, வேலை நேரம் அதிகம், வார விடுமுறை என்ற பேச்சே கிடையாது. 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பின்னால் நின்றார்கள்.

எந்த வேலைநிறுத்தத்திலும் முதலில் தீர்வது தொழிலாளியின் அரிசிப் பானைதான். முதலாளிகள் நம்புவதும் அதைத்தான். தூத்துக்குடியில் அந்தக் கணக்கு பலிக்கவில்லை, வ.உ.சி. பணம் திரட்டினார், ஊர் உதவியது. மறுபக்கம், ஓடாத இயந்திரங்கள் நாளுக்கு நாள் நஷ்டத்தை ஏற்றின. அவற்றைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மில் தொடர்ந்து ஓடியது. நாட்டில் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு அப்போது இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. வேலைநிறுத்தம் செய்யாத மற்ற வெள்ளைக்காரக் கம்பெனிகளின் ஊழியர்களுக்கும் கூலியும் மரியாதையும் கூடின. சங்கம் நம் வாசலுக்கும் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே பக்கத்து முதலாளி கூலியை ஏற்றுவதைப் பிற்காலப் பொருளியல் ஆய்வுகளும் பல நாடுகளில் கண்டிருக்கின்றன. ஒரு சங்கத்தின் பலனை அதன் சந்தாப் புத்தகத்தை மட்டும் வைத்துக் கணக்கிட முடியாது.

பொருளியல் பாடநூலின் முதல் பாடம் வேறு மாதிரி சொல்லும். கூலியைச் சந்தை விலைக்கு மேல் ஏற்றினால் முதலாளி ஆளைக் குறைப்பார். பல முதலாளிகள் ஆளுக்குப் போட்டி போடும் ஊரில் இது பெரும்பாலும் சரி. ஒரே ஒரு முதலாளி இருக்கும் ஊரில்? அங்கே கூலி சந்தையில் முடிவாவதில்லை, அவர் மேசையில் முடிவாகிறது. அப்படிப்பட்ட இடத்தில் சங்கம் கூலியை ஓரளவு உயர்த்தினாலும் வேலை குறைய வேண்டிய அவசியமில்லை என்று அதே பாடநூலின் பின்பக்க அத்தியாயம் ஒப்புக்கொள்கிறது.

மாஞ்சோலை அப்படிப்பட்ட இடமாக இருந்தது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் பாம்பே பர்மா கம்பெனி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை அது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எங்கும் அந்த ஒரே கம்பெனிதான். குடியிருந்த லைன் வீடும் கம்பெனியுடையதாக இருந்தது. வேலை போனால் வீடும் போய்விடும் என்ற நிலை. இப்படி இருந்தால் கூலி பேசும் தைரியம் தனி ஆளுக்கு எங்கிருந்து வரும்? அதனால் தொழிலாளர்கள் சேர்ந்தே கேட்டார்கள். கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த 600-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். கலெக்டர் அலுவலகத்துக்கு அருகே போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணி ஆற்றில் இறங்கியவர்களையும் விடவில்லை. 17 பேர் இறந்தார்கள்.

2024-இல் கம்பெனி விருப்ப ஓய்வு அறிவித்து மலையை விட்டு இறங்க முடிவெடுத்தது. இதைச் சங்கத்தின் தலையில் போட முடியாது. குத்தகை 2028-இல் முடிகிறது, காடு 2018-லேயே காப்புக்காடாக அறிவிக்கப்பட்டுவிட்டது.

முதலாளி கடையைச் சாத்திவிடுவான் என்ற முதல் கட்சிக்காரர்களின் சாட்சி பீடி.

முக்கூடல், மேலப்பாளையம், கடையம், ஆழ்வார்குறிச்சி என்று எந்தத் தெருவுக்குள் போனாலும் திண்ணையில் மடியில் தட்டோடு பெண்கள் இருப்பார்கள். ஊறவைத்த இலையை அளவுத் தகடு வைத்துக் கத்தரித்து, தூளை நிரவி, ஒரு உருட்டு உருட்டி, வாயை மடக்கி, நூலைச் சுற்றிக் கட்டுவார்கள். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. பீடிக் கம்பெனியின் கடையில் கொடுக்கும் இலை ஆயிரத்துக்குப் போதாமல் போனால், சொந்தக் காசில் வெளியே வாங்கி எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். ஒப்படைக்கும்போது சரியில்லை என்று கழித்துப் போடுவதும் உண்டு. எழுதி வைத்த கூலி ஒன்று, கைக்கு வரும் கூலி ஒன்று.

இங்கே சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. 1966-இல் பீடித் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 1976-இல் நல நிதிச் சட்டம் வந்தது; முக்கூடலில் பீடித் தொழிலாளர் மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளிதான், வருங்கால வைப்பு நிதி அவருக்கும் உண்டு என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பி.எஃப். பணத்தில் மகள் கல்யாணத்தை முடித்த தாய்மார்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். ஆனால் கூலி? அங்கேதான் சங்கத்தின் கை நீளமாட்டேன் என்கிறது. பீடிக்கு இயந்திரமும் கிடையாது, கட்டடமும் வேண்டாம். இலை மூட்டையையும் தூள் மூட்டையையும் வண்டியில் ஏற்றினால் தொழில் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

கண்ணூரில் அதுதான் நடந்தது. 1966 சட்டத்தைக் கேரள அரசு நிஜமாகவே அமல்படுத்தத் தொடங்கியதும், 1968-இல் மங்களூர் கணேஷ் பீடி கம்பெனி அங்கிருந்த பட்டறைகளை மூடியது. சுமார் 12,000 பேருக்கு வேலை போனது. பலமான சங்கம், நல்ல சட்டம், துணைக்கு அரசு எல்லாம் இருந்தும் வேலை எல்லை தாண்டிவிட்டது. 1969-இல் தொழிலாளர்களே கூட்டுறவாகத் தினேஷ் பீடியைத் தொடங்கிப் பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுத்தது பெரிய சாதனைதான். ஆனால் எல்லா ஊருக்கும் ஒரு தினேஷ் வாய்க்கவில்லை.

வேலை ஊரை விட்டுப் போகாமல், ஆலைக்குள்ளேயே ஆள் மாறும் தந்திரமும் உண்டு. நிரந்தரத் தொழிலாளிக்குச் சங்கமும் சட்டமும் காவல் என்றால், நிர்வாகம் ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுக்கும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டின் பதிவு பெற்ற ஆலைகளில் ஐந்தில் ஒருவராக இருந்த ஒப்பந்தத் தொழிலாளி இன்று ஐந்தில் இருவர். பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்பவர்களுக்கு இரண்டு கூலி. இதில் நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒப்பந்தத் தொழிலாளியை உறுப்பினராகச் சேர்க்கத் தயங்கிய சங்கங்களுக்கும் பங்குண்டு.

மில்லையும் மலையையும் எதிர்த்து ஊர்ச் சங்கம் நின்று பார்க்கலாம். பீடிக்கு அது போதாது. நாடு முழுவதும் பீடிக்கு ஒரே அடிப்படைக் கூலி வராதவரை, முக்கூடல் பெண்கள் கேட்கும் ஒவ்வொரு ரூபாய் உயர்வும் இலை மூட்டையைக் கூலி குறைந்த வேறொரு மாநிலத்துக்கு நகர்த்தும். சங்கங்கள் ஒன்றுகூடி டெல்லியில் கேட்க வேண்டியது அந்த ஒரே கூலியைத்தான்.