நாற்பத்து நான்கு வயதில் கோல் காத்தவர்

1928 ஏப்ரல் 7ஆம் திகதி, கனடாவின் மொன்றியல் நகரம். ஸ்டான்லி கிண்ணத்துக்கான ஐஸ் ஹொக்கி இறுதித் தொடரின் இரண்டாவது போட்டி நடைபெறுகிறது. மொன்றியல் மரூன்ஸ் வீரர் ஒருவர் அடித்த இறப்பர் வட்டு, நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணியின் கோல் காப்பாளரது கண்ணைத் தாக்கிற்று. அக்காலத்தில் காப்பாளர்கள் முகக்கவசம் அணிவதில்லை. அணிகள் மாற்றுக் காப்பாளரை வைத்திருப்பதுமில்லை. பார்வையாளராக வந்திருந்த ஒட்டாவா அணிக் காப்பாளரை இறக்க அனுமதி கேட்டனர். எதிரணி மறுத்துவிட்டது.

அப்போது காப்புக் கவசங்களை அணிந்துகொண்டு இறங்கியவர் ரேஞ்சர்ஸின் பயிற்றுவிப்பாளர். நரைத்த தலை, வயது 44. பெயர் லெஸ்டர் பற்றிக்.

1883இல் கியூபெக் மாகாணத்தில் பிறந்த இவர், இளமையில் பின்கள வீரர். மொன்றியல் வாண்டரர்ஸ் அணியோடு 1906, 1907ஆம் ஆண்டுகளில் கிண்ணம் வென்றார். பின்னர் ரென்ஃப்ரூ என்ற சிற்றூரின் அணி, ஒரே பருவத்துக்கு 3,000 டொலர் கொடுத்து அவரை அழைத்தது. விளையாட்டு ஒரு தொழிலாக மாறத் தொடங்கியிருந்த காலம் அது.

அந்த இறுதிப் போட்டியைப் பற்றியே பலரும் பேசுவர். எனக்கோ அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1911இல் அவர் செய்த காரியம். தந்தை தமது மர வியாபாரத்தை விற்ற பணத்தைக் கொண்டு, லெஸ்டரும் தம்பி பிராங்கும் பசுபிக் கரையோரத்தில் புதிய லீக் ஒன்றை ஆரம்பித்தனர். அங்கே குளிர் குறைவு. தரையில் பனி நிலைக்காது. ஆகவே வன்கூவரிலும் விக்டோரியாவிலும் செயற்கைப் பனி அரங்குகளைக் கட்டினர். உப்புக் கரைசல் பூச்சியம் பாகைக்குக் கீழும் உறையாது. அதைக் கடுங்குளிராக்கித் தரையின் கீழுள்ள குழாய்களில் ஓடவிட்டால், மேலே ஊற்றும் நீர் உறைந்து பனித்தரையாகும்.

விதிகளையும் சகோதரர்கள் மாற்றினர். முன்னோக்கி வட்டைத் தள்ளிக் கொடுக்க இடமளித்தனர். தரையில் விழுந்து வட்டைத் தடுக்கும் காப்பாளருக்கு முன்னர் தண்டனை உண்டு, அதையும் நீக்கினர்.

1925இல் அவரது விக்டோரியா அணி கிண்ணம் வென்றது. மறு ஆண்டே மேற்கு லீக் நொடித்தது, வீரர்கள் விற்கப்பட்டனர். லெஸ்டர் நியூயோர்க் சென்றார்.

இனி அந்தப் போட்டி. அவர் விட்டது ஒரே கோல்தான். மேலதிக நேரத்தில் பிராங்க் பௌச்சர் வெற்றிக் கோலை அடிக்க, 2–1 என ரேஞ்சர்ஸ் வென்றது. அடுத்த போட்டிக்கு வேறு காப்பாளர் வந்தார். ஐந்து போட்டிகள் முடிவில் கிண்ணமும் அவர்களுக்கே. 1940இல் ரேஞ்சர்ஸ் மீண்டும் அதை வென்றபோது, அணியில் லெஸ்டரின் புதல்வர் இருவர் ஆடினர்.