ஐம்பது கிலோமீட்டர் எளிது, ஐம்பது அடி கடினம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் துளிர்க்கும் காலம் வந்துவிட்டால் தேனீப் பெட்டிகள் இரவோடு இரவாக வண்டி ஏறும். மார்த்தாண்டம் பக்கத்தில் இருந்து கிளம்பும் பெட்டிகள் விடிவதற்குள் ரப்பர் தோட்டங்களில் இறங்கிவிடும். (ரப்பர்த் தேன் பூவில் இருந்து வருவதில்லை. இளம் இலைகளின் காம்பில் ஊறும் இனிப்பு நீரைத்தான் தேனீ எடுக்கிறது.) காலையில் வாசலைத் திறந்தால் தேனீக்கள் வெளியே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடும். அதே ஊரில் வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு பெட்டி வைத்திருப்பவர், கிணற்றடியில் இருந்த அதைத் தொழுவத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்துவிட்டு, மறுநாள் பழைய இடத்தில் நூற்றுக்கணக்கில் வட்டமிடும் தேனீக்களைப் பார்த்துத் திகைத்து நிற்பார். தொலைவுக்குப் போன பெட்டி பிழைத்தது, பக்கத்தில் நகர்ந்த பெட்டி பாதியாகிவிட்டது.

காரணம் தேனீயின் நினைவில் இருக்கிறது. வேலைக்காரத் தேனீ பிறந்து ஏறக்குறைய மூன்று வாரம் வரை கூட்டுக்குள்ளேயே புழு வளர்ப்பு, அடை கட்டுதல் என்று இருக்கும். வெளிவேலைக்குப் போகுமுன் வாசலைப் பார்த்தபடி முன்னும் பின்னும் பறந்து, பெட்டியின் இருப்பிடத்தையும் அருகில் உள்ள மரம், சுவர், கூரை எல்லாவற்றையும் மனதில் பதித்துக்கொள்ளும். வெயில் நேரத்தில் வாசலுக்கு முன்னால் இளம் தேனீக்கள் கூட்டமாக ஆடுவதுபோல் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இந்தப் பாடம். ஒருமுறை படித்த பிறகு தேனீ திரும்பிப் பார்ப்பதில்லை. வாசலை விட்டு நேராகப் பாய்ந்து போகும், பழகிய வழியில் திரும்பி வரும்.

பெட்டியை ஐம்பது அடி நகர்த்தினால், தேனீ புது இடத்தில் இருந்துதான் கிளம்பும். ஆனால் போய்ச் சேர்வது தெரிந்த தென்னந்தோப்புக்கு, தெரிந்த முருங்கைக்கு. அங்கிருந்து வீட்டுக்கு வழி அதற்குத் தெரியும். அந்த வழி பழைய இடத்துக்குத்தான் கொண்டுவந்து விடும். ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோனால் பழகிய அடையாளம் ஒன்றுகூடக் கண்ணில் படாது. எனவே வேறு வழியின்றி முதலில் இருந்து பாடம் படிக்கும்.

பழைய இடத்தில் பெட்டியைக் காணாத தேனீ, அருகில் வேறு பெட்டி இருந்தால் அதில் நுழைய முயலும். மதுரமோ மகரந்தமோ சுமந்து வந்தால் காவல் தேனீக்கள் சில வேளை உள்ளே விடும், வெறுங்கையோடு வந்தால் சண்டைதான். பெட்டியே இல்லாவிட்டால் கிளையிலோ சுவரிலோ ஒட்டிக்கொண்டு கிடந்து செத்துப்போகும். நம் இந்தியத் தேனீயின் கூட்டம் இத்தாலியத் தேனீயைவிடச் சிறியது. வெளிவேலைக்குப் போகும் வயல் தேனீக்கள் ஒரேயடியாகக் குறைந்தால் உணவு வரத்து நின்றுபோகும், அடையை மூட ஆள் இருக்காது, மெழுகுப் பூச்சி புகும். கடைசியில் மிச்சம் இருப்பவையும் பெட்டியைக் கைவிட்டுப் பறந்துவிடும். நகர்த்திய மறுநாள் தெரியாத இழப்பு இப்படித்தான் இரண்டு, மூன்று வாரம் கழித்துத் தெரியும்.

இருபது, முப்பது அடிக்குள் மாற்றுவதானால் நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவதே நல்லது. இந்தியத் தேனீக்கு நாளுக்கு ஒரு அடி, மிஞ்சினால் இரண்டடி. இருட்டிய பிறகு, எல்லாத் தேனீயும் உள்ளே அடங்கியதும் நகர்த்த வேண்டும். மழை பெய்து தேனீ வெளியே போகாத நாள் கணக்கில் சேராது. முந்தின நாள் இடத்தை அவை பறந்து பழகியிருந்தால்தான் அடுத்த அடி வைக்கலாம். வாசலின் திசையையும் ஒரேயடியாகத் திருப்பக் கூடாது, அதையும் நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். உயரத்துக்கும் இதே விதிதான்.

இதில் சிக்கல் தாங்கிதான். மண்ணில் நட்ட ஒற்றைக் கம்பில் பெட்டி நிற்குமானால் தினமும் கம்பைப் பிடுங்கி நட முடியாது. நான்கு கால் ஸ்டூல் ஒன்றில் பெட்டியை ஏற்றி, கால்களைத் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் நிறுத்துங்கள். எறும்பும் வராது, இழுப்பதும் எளிது. பக்கத்தில் வேறு பெட்டிகள் வரிசையாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே அளவில் சேர்த்தே நகர்த்துங்கள். ஒன்றை மட்டும் நகர்த்தினால் அதன் தேனீ பக்கத்துப் பெட்டிக்குப் போய்விடும்.

நூறு, இருநூறு அடி என்றால் அடி அடியாக நகர்த்த யாருக்கும் பொறுமை இருக்காது. இங்கே உறுதியான வழி, முதலில் பெட்டியை வெகுதூரம் அனுப்பிவிடுவது. இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் இரை தேடும், எனவே மூன்று கிலோமீட்டர் தள்ளி உறவினர் தோட்டம் இருந்தால் போதும். இத்தாலியத் தேனீ இன்னும் தொலைவு போகும், அதற்கு ஐந்து கிலோமீட்டருக்குக் குறையக் கூடாது. மூன்று வாரம் அங்கே இருக்கட்டும். வெளிவேலை பார்க்கும் தேனீயின் ஆயுள் அவ்வளவுதான், பழைய இடத்தை அறிந்தவை அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும். பிறகு நீங்கள் விரும்பும் புது இடத்துக்குக் கொண்டுவரலாம். இரட்டை வேலைதான், ஆனால் இழப்பு மிகக் குறைவு.

உடனே மாற்றியே ஆகவேண்டிய நேரமும் வரும். கூரை சரிகிறது, நிழல் மரத்தை வெட்டுகிறார்கள், பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தேனீ கொட்டிவிட்டது. அப்போது இரவில் பெட்டியை மாற்றி, வாசலுக்கு முன்னால் தென்னங்கீற்றோ இலை அடர்ந்த கிளையோ சாய்த்து வையுங்கள். வெளியே வரும் தேனீ அதில் தடுமாறும், ஏதோ மாறியிருக்கிறது என்று நின்று சுற்றிப் பார்த்துப் புது இடத்தைப் பதித்துக்கொள்ளும். பழைய தாங்கியையும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். இவ்வளவு செய்தும் ஒரு பகுதி பழைய இடத்துக்குப் போகும். பொழுது சாயும் நேரத்தில் அங்கே ஒரு சிறு பெட்டியில் காலி அடையுள்ள சட்டம் ஒன்றை வையுங்கள், அலைந்த தேனீக்கள் அதில் அடையும். இருட்டியதும் அதைத் தூக்கிவந்து புது இடத்தில் உள்ள பெட்டியின் வாசலில் உதறிவிடுங்கள். பகலில் அந்தச் சிறு பெட்டி அங்கே இருக்கக் கூடாது, இருந்தால் அதையே வீடாக்கிக்கொள்ளும். மூன்று, நான்கு மாலை இப்படிச் செய்தால் வருவது குறைந்துவிடும்.

வாசலை இரண்டு, மூன்று நாள் அடைத்து வைத்தால் பழைய இடம் மறந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். குளிர்நாட்டில் அது நடக்கலாம். நம் வெயிலில் அடைத்த பெட்டிக்குள் சூடேறி, அடை இளகி விழுந்து, கூட்டமே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். அந்தச் சோதனை வேண்டாம். எடுத்துப்போகும் நேரத்துக்கு மட்டும் வாசலைக் கம்பி வலையால் அடையுங்கள், காற்று போகட்டும்.

கிளையில் தொங்கும் பிரிந்த கூட்டத்துக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. கூட்டம் பிரியும்போதே தேனீக்கள் பழைய வீட்டை விட்டுவிடுகின்றன. பிடித்த அன்று மாலை பெட்டியில் இட்டு, தோட்டத்தில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் மரப்பொந்தில் இருந்தோ சுவர் இடுக்கில் இருந்தோ அடையோடு எடுத்த கூட்டம் அப்படியல்ல. அதன் வயல் தேனீக்கள் அந்தப் பொந்தைத்தான் தேடிப் போகும்.

தூக்குவதற்கு முன் சில வேலைகள். தேன் அறை நிறைந்திருந்தால் தேனை எடுத்துவிடுங்கள், புதிதாகக் கட்டிய கனமான அடை அசைவில் முறியும். அடிப்பலகை, புழு அறை, தேன் அறை, மூடி நான்கையும் சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். புகை கொஞ்சம் போதும். முகவலையை இரவுதானே என்று விட்டுவிடாதீர்கள், இருட்டில் தேனீ பறக்காவிட்டாலும் ஊர்ந்து ஏறிக் கொட்டும்.

புது இடத்தில் இந்தியத் தேனீ கோபித்துக்கொண்டு ஓடும் பழக்கமுள்ளது. சில நாள் வாசலில் ராணித் தடுப்பு போடுங்கள், வேலைக்காரத் தேனீ போய்வரும், ராணி வெளியேற முடியாது. இணைசேரப் பறக்க வேண்டிய இளம் ராணி இருக்கும் பெட்டியில் மட்டும் இதைப் போடாதீர்கள். மகரந்தம் வருவது குறைவாகத் தெரிந்தால் மாலையில் சர்க்கரைப் பாகு வையுங்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். அடையறைகளில் புதிய முட்டை தெரிந்தால் ராணி வேலையில் இருக்கிறாள். அதற்குப் பிறகு அந்தப் பருவம் முடியும்வரை பெட்டியைத் தொட்டு நகர்த்தாதீர்கள்.